ஏழாவது கேள்விக்கு ‘இல்லை’

அத்தியாயம் 14

பரணிலிருந்து பெட்டி இறங்கும் சத்தம் கேட்டுத்தான் அன்று கொக்கி மேடத்துக்கு விழிப்பு வந்தது.

மணி ஆறேகால். ஜன்னலில் நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. தலைக்கு மேலே, மாடி அறையில், ஸ்டூல் நகர்ந்தது. பரண் கதவு கிறீச்சிட்டது. தொப்பென்று எதுவோ விழுந்தது. பிறகு பெட்டியின் சக்கரங்கள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு உருண்டன. பெட்டி ஓடுகிறதா என்று ஓட்டிப் பார்க்கிறார் மனிதர். கிளம்புவது ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமையே ஒத்திகை நடக்கிறது.

“மெதுவா,” என்றாள் அவள், மேலே பார்த்து.

அது அவர் காதில் விழுந்திருக்காது. விழவேண்டும் என்று அவள் சொல்லவும் இல்லை. நான்கு வருடமாக இந்த வீட்டில் அவள் பேசுவதெல்லாம் மேற்கூரையிடமும் அடுப்பிடமும்தான். இரண்டும் எதிர்த்துப் பேசுவதில்லை என்பது ஒரு சௌகரியம்.

இந்தக் குடும்பத்தைப் புதிதாகப் பார்க்க வந்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடலாம். பழகியவர்கள் அதற்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும்.

கீழ்வீட்டில் இருப்பவள் அரசாங்கத்தின் விமானப் பாதுகாப்புத் துறையில் வெளிநாட்டுப் பயணப் பிரிவின் அலுவலர். மாடியில் இருப்பவர் அதே துறையில் விமான நிலையங்களைச் சோதித்துப் பார்க்கும் மூத்த ஆய்வாளர். இருவரும் கணவன் மனைவி. ஒரே வீடு, ஒரே அலுவலகம், தனித்தனி பஸ். நடுவே ஒரு மாடிப்படி, படியின் அடியில் ஒரு கதவு, கதவின் தாழ்ப்பாள் அவள் பக்கம். அவர் போய்வர வெளிப்பக்கம் வேறு படி. காலையில் அவருடைய டிபன் பாக்ஸை மூன்றாம் படியில் வைத்துவிட்டுத் தாழ் போடுவாள். சாயந்திரம் அது கழுவித் துடைத்து அதே மூன்றாம் படியில் இருக்கும். குடும்பம் என்று அவர்களுக்கு மிச்சமிருந்தது அந்த டிபன் பாக்ஸ்தான்.

காரணம், அவர்களுடைய ஒரே மகள். இருபத்தெட்டு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். பாப்பா இங்கே விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைத் திரையில் பார்த்துச் சோதிக்கும் வேலையில் இருந்தாள். நான்கு வருடத்துக்கு முன் ஒரு நாள், அப்பா ஒரு பயணியைப்போல அவள் வரிசையில் வந்து நின்றார். ஆய்வாளர்கள் அப்படித்தான் வருவார்கள். யாருக்கும் சொல்லாமல் ஒரு போலித் துப்பாக்கியைப் பைக்குள் மறைத்துக்கொண்டு, கண்டுபிடிக்கிறார்களா என்று பார்ப்பார்கள். அன்றைக்கு அவர் கொண்டுபோனது, தினமும் அலுவலகத்துக்கு எடுத்துப்போகும் அதே பழுப்புத் தோல் பை. பாப்பா பையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், சிரித்தாள். திரையைப் பார்க்கவில்லை. பை போய்விட்டது. அந்தப் பக்கம் நின்று அவர் பையைத் திறந்து, துப்பாக்கியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அறிக்கையையும் அன்றைக்கே தன் கையால் எழுதினார். ஒரு வாரத்தில் பாப்பாவுக்கு வேலை போயிற்று. ஒரு மாதத்தில் நாட்டை விட்டே போனாள். ‘நான் எங்க இருக்கேன்னு அவருக்குச் சொல்லவே கூடாது’ என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறினாள்.

“வேற பை கிடைக்கலையா உங்களுக்கு?”

அவரிடம் அவள் கடைசியாகக் கேட்டது அதுதான். பதில் வரவில்லை. அன்று போட்ட தாழ்ப்பாள்.

சென்ற வார அத்தியாயத்தில் நாம் பிரிந்தபோது, அதாவது கதையில் நேற்று புதன்கிழமை மாலை, அவளுடைய கணினியில் வெளிநாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்து நின்றது. அவர் தலைமையில் துறையின் குழு பார்வையிடப் போகும் விமான நிலையத்தில் கட்டட வேலை நடக்கிறதாம். அதற்குப் பதிலாக அதே நாட்டில் வேறொரு விமான நிலையத்தைக் காட்டுகிறார்களாம்.

அந்த வேறொரு விமான நிலையத்தில்தான் பாப்பா இப்போது பைகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறாள்.

*

பயணப் பிரிவு இரண்டாம் மாடியில், லிஃப்டுக்கு எதிரே இருந்தது. பாஸ்போர்ட்டுகள் வைக்கும் இரும்பு அலமாரி, ஓடாத ஒரு கடிகாரம், சுவர் நிறைய ஓர் உலகப் படம். துறையில் யார் எந்த நாட்டுக்குப் போனாலும் அங்கே சிவப்புக் குண்டூசி குத்துவது அவள் வழக்கம். படத்தில் நூறு சிவப்பு ஊசிகளாவது இருக்கும். பச்சை ஊசி ஒன்றே ஒன்றுதான். அந்த ஊருக்கு இதுவரை யாரும் அரசாங்க வேலையாகப் போனதில்லை. ஏன் அங்கே ஓர் ஊசி என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்கவும் இல்லை.

அவளுக்குக் கொக்கி மேடம் என்று பெயர் வந்தது சும்மா இல்லை. எந்தக் கோப்பு வந்தாலும் ஒரு கொக்கி போடாமல் மேலே அனுப்பமாட்டாள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாக வேண்டும் என்ற விதிக்கு இரண்டு நாள் குறைகிறது என்று, கோட்டு தைத்து, மனைவிக்கு வாங்கிவர வேண்டிய சாமான் பட்டியலோடு தயாராக நின்ற ஓர் இயக்குநரையே வீட்டுக்குத் திருப்பி அனுப்பியவள். அவர் இன்னமும் லிஃப்டில் அவளைப் பார்த்தால் படியில் இறங்கிவிடுவார்.

“மேடம், டிக்கெட் ஏஜென்ட் ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு,” என்றாள் பக்கத்து மேஜைக்காரி. “மூணு சீட்டும் நாலு மணி வரைக்கும்தான் நிக்குமாம். அதுக்கப்புறம் அவர் கையில இல்லையாம்.”

“நாலு மணிக்குள்ள ஆயிடும்.”

“நீங்க சொன்னா சரி. மூணாவது மாடியில எல்லாரும் ஒரே சந்தோஷம். உங்க சாருக்கு இதுதான கடைசி டூர்? அடுத்த மாசம் ரிட்டயர்மென்ட். குழுத் தலைவரா போயிட்டு வந்து, மாலையோட வீட்டுக்கு.”

“ம்,” என்றாள் அவள்.

அலுவலகத்திலும் அவர் மாடிதான். அவள் இரண்டு, அவர் மூன்று. அங்கேயும் பேச்சு கிடையாது. ஆனால் கோப்பு உண்டு. ‘பிரிவு’ என்ற பெயரில் அவள் பத்திக்கு எண் போட்டுக் கேட்பாள், ‘ஆய்வாளர்’ என்ற பெயரில் அவர் அடுத்த எண் போட்டுப் பதில் எழுதுவார். ‘பயண நாள்கள் ஐந்தா ஆறா என்பதைத் தெளிவுபடுத்தலாம்.’ ‘ஆறு.’ ஊரில் மற்ற தம்பதிகள் சாப்பாட்டு மேஜையில் பேசிக்கொள்வதை இவர்கள் குறிப்புத் தாளில் எழுதிக்கொண்டார்கள். சில நாள் அவருடைய ‘தெளிவுபடுத்தப்பட்டது’ என்ற எழுத்து சற்றுக் கோணலாக இருந்தால், ராத்திரி சரியாகத் தூங்கவில்லைபோல என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

பத்து மணிக்கு அந்தக் கோப்பு மேஜைக்கு வந்தது. விமான நிலையம் மாறியதால் உறுதிமொழிப் படிவத்தை மூவரும் புதிதாக எழுதித் தந்திருந்தார்கள். அவருடையது மேலே இருந்தது.

ஏழாவது கேள்வி: ‘ஆய்வு செய்யப்படவுள்ள விமான நிலையத்தில் தங்கள் நெருங்கிய உறவினர் எவரேனும் பணிபுரிகிறாரா?’

பதில்: ‘இல்லை.’

அவருடைய கெட்டியான, நேரான எழுத்து. கீழே கையொப்பம். அதற்கும் கீழே, ‘பிரிவு சரிபார்த்தது’ என்று ஒரு வெற்று இடம். அங்கே அவள் சுருக்கொப்பம் இட வேண்டும். இரண்டே எழுத்துதான்.

அந்தக் கேள்வி பிறந்ததே இவர்கள் வீட்டில்தான். அப்பாவே மகளைச் சோதித்த கதை மேலே போனதும், இனி இப்படி நடக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. உறவினர் இருந்தால் அந்த ஆய்வாளர் குழுவில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதற்கு ஒரு கேள்வி எழுதித் தரச் சொன்னார்கள். எழுதித் தந்தவள் இவள். தன் வீட்டுக் கண்ணீரை ஒரே வாக்கியத்தில் அடக்கி, கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டுக் கொடுத்தாள்.

இப்போது அவர் எழுதிய ‘இல்லை’ பொய் இல்லை. அவருக்குத் தெரியாது. தெரிந்தவள் இவள் ஒருத்தி. கையொப்பமிட்டால் பொய் இவளுடையது. மறுத்தால் அவருடைய கடைசிப் பயணம் போகும், பாப்பாவுக்குச் செய்த சத்தியமும் போகும். பேசாமல் அனுப்பினால், செவ்வாய்க்கிழமை காலை ஓர் அப்பா பையோடு போய் ஒரு மகளின் வரிசையில் நிற்பார். மறுபடியும்.

பன்னிரண்டு மணி வரை பேனாவை மூடினாள், திறந்தாள். பிறகு அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் பேசினாள்.

‘4. ஏழாவது கேள்விக்கான பதிலை ஆய்வாளர் மீண்டும் ஒருமுறை பார்க்கலாமா?’

கோப்பு மூன்றாம் மாடிக்குப் போனது. நாற்பது நிமிடத்தில் திரும்பியது.

‘5. பார்த்தேன். நான் அறிந்தவரை பதில் சரியானதே. நான் அறியாதது எதுவும் பிரிவுக்குத் தெரிந்திருந்தால் பிரிவு அதனை எழுதலாம். கடந்த நான்கு ஆண்டுகளாக ஆய்வாளருக்கு எதுவும் தெரிவிக்கப்படவில்லை.’

கடைசி வரியை அவள் மூன்று தடவை படித்தாள். ‘தெரிவிக்கப்படவில்லை.’ யார் தெரிவிக்கவில்லை என்று எழுதாத நாகரிகம். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது அவளுக்கு.

“என்ன மேடம், பதிலும் வந்தாச்சே?” என்றாள் பக்கத்து மேஜைக்காரி. “இன்னும் என்ன கொக்கி?”

“கொஞ்சம் இரு. ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்.”

*

மாடிப்படித் திருப்பத்தில், உடைந்த நாற்காலிகள் அடுக்கிவைத்த இடத்தில் நின்று கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் அவள் பாப்பாவைக் கூப்பிட்டதே இல்லை.

“அம்மா? என்ன ஆச்சு? யாருக்காவது உடம்பு சரியில்லையா?”

“எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். எழுந்தாச்சா நீ?”

“ட்யூட்டிக்குக் கிளம்பிட்டு இருக்கேன். ஷூவுக்கு ஒரு கால், போனுக்கு ஒரு கை. சொல்லு சீக்கிரம்.”

அந்த அவசரக் குரலைக் கேட்டதும் பழசெல்லாம் நினைவுக்கு வந்தது. அங்கே போன புதிதில் பாப்பா தள்ளுவண்டிகளைச் சேர்த்து அடுக்கும் வேலையில் இருந்தாள். ஒரு வருடம் வண்டி தள்ளி, பரீட்சை எழுதி, மறுபடியும் திரையின் முன் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு மட்டும் அழுதாள். மற்றபடி ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் வானிலையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

“பாப்பா, ஒண்ணு கேட்கட்டுமா? நீ எங்க இருக்கேன்னு அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா?”

“மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கே.”

“பண்ணேன். அதனாலதான் கேட்கிறேன்.”

“ஏன் திடீர்னு? அவர் கேட்டாரா?”

“அவர் என்னைக்குக் கேட்டாரு.” மேலே சொல்லக் கூடாது. சொல்லக் கூடாதென்று நன்றாகத் தெரியும். ஆனால் வாய் முந்திக்கொண்டது. “சரி, அத விடு. செவ்வாய்க்கிழமை மட்டும் நீ லீவு போட முடியுமா?”

பாப்பா இந்த வீட்டில் வளர்ந்தவள். ஆய்வு, சோதனை, ரகசியப் பயணம் எல்லாம் சோற்றோடு சேர்ந்து உள்ளே போனவை. அவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

“அவர் வர்றாரு,” என்றாள் பாப்பா.

“நான் அப்படிச் சொல்லலையே.”

“நீ சொல்ல வேண்டாம். வரட்டும்மா. நல்லா வரட்டும். என் வரிசையிலேயே வரட்டும். இந்தத் தடவை அந்தப் பையோட தையலைப் பிரிச்சுப் பார்க்கிறேன். நீ ஒண்ணும் எழுதித் தொலைக்காதே. விட்டுடு.”

“பாப்பா...”

“எனக்கு நேரமாச்சு. பஸ் போயிடும்.”

பேச்சு வீராப்பாகத்தான் இருந்தது. ஆனால் ‘பஸ்’ என்ற சொல்லில் குரல் உடைந்தது. அம்மாக்களுக்கு அது கேட்காமல் போகாது.

போனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். என்ன காரியம் செய்துவிட்டோம் என்பது மெல்லத்தான் உறைத்தது. ஒரு ரகசியச் சோதனையின் நாளை, சோதிக்கப்படப் போகிறவளிடமே சொல்லியாகிவிட்டது. இருபத்தெட்டு வருடமாக ஊராருக்கெல்லாம் கொக்கி போட்டவள், தான் போய் மாட்டிக்கொண்டாள்.

*

இருக்கைக்குத் திரும்பியபோது மணி இரண்டு. அவளுடைய சாப்பாட்டை அவள் திறக்கவே இல்லை.

யாருக்கும் தெரியப்போவதில்லை. அதுதான் கொடுமை. இரண்டெழுத்துச் சுருக்கொப்பம் போட்டால் கோப்பு நடக்கும், டிக்கெட் வரும், அவர் போவார், பாப்பா பையைத் திறந்து துப்பாக்கியை எடுப்பாள், எல்லோருக்கும் நல்ல பெயர். அவளும் மாலையோடு வரும் புருஷனுக்கு மூன்றாம் படியில் டிபன் பாக்ஸ் வைப்பாள்.

குறிப்புத் தாளை இழுத்து எழுதத் தொடங்கினாள்.

‘6. ஏழாவது கேள்விக்கான பதில் சரியன்று. ஆய்வாளரின் மகள் அந்த விமான நிலையத்தில் பயணிகளின் உடைமைகளைச் சோதிக்கும் பணியில் உள்ளார். இது ஆய்வாளருக்குத் தெரியாது. பிரிவு அலுவலருக்குத் தெரியும். அவர் அப்பெண்ணின் தாய்.

7. இன்று மதியம் பிரிவு அலுவலர் தம் மகளுடன் தொலைபேசியில் பேசுகையில், ஆய்வின் நாள் வெளிப்பட்டுவிட்டது. தவறு பிரிவு அலுவலருடையது. மகள் எதுவும் கேட்கவில்லை.’

எழுதி முடித்து, மை காயட்டும் என்று தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் ஒன்று புரிந்தது. சொந்த வீட்டைப் பற்றி, சொந்தக் கையால், இப்படி எழுதினால் எப்படி இருக்கும் என்று நான்கு வருடமாக அவள் யோசித்ததே இல்லை. கை நடுங்கும். ஆனாலும் எழுத்து நேராக விழும், ஏனென்றால் பழக்கம். அன்று அவருக்கும் நடுங்கியிருக்குமோ? அறிக்கையின் எழுத்து நேராகத்தானே இருந்தது என்று இத்தனை நாள் அதையே ஒரு குற்றமாக வைத்திருந்தாள்.

ஒருவரைப் பற்றிப் பாதகமாக எழுதினால் முதலில் அவருக்குக் காட்ட வேண்டும் என்பது விதி. கோப்பு மூன்றாம் மாடிக்குப் போனது.

இந்த முறை நாற்பது நிமிடத்தில் திரும்பவில்லை. ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை. டிக்கெட் ஏஜென்ட் கூப்பிட்டான். “மேடம், கழுத்து வரைக்கும் வந்தாச்சு. சரியா இருபது நிமிஷம் இருக்கு.” அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரே வருவாரோ என்று ஒரு நினைப்பு. வந்தால் என்ன பேசுவது என்று தெரியாமல், மேஜைமேல் இருந்த குண்டூசிகளை எடுத்து எடுத்து டப்பாவில் போட்டாள்.

கோப்புதான் வந்தது.

‘8. பார்த்தேன். குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன்.’

அதற்குக் கீழே ஓர் இடைவெளி. பிறகு, அதே மையில், கொஞ்சம் கோணலாக:

‘9. அவள் நன்றாக இருக்கிறாளா?’

பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்துவிட்டாள்.

“மேடம்... இது இதுல இருக்கலாமா? துணைச் செயலர் பார்ப்பாரே. செயலர் பார்ப்பாரே. பக்க எண் போட்டாச்சு, கிழிக்கவும் முடியாது.”

“இருக்கட்டும்.”

அவள் பேனாவை எடுத்து எழுதினாள். ‘10. இருக்கிறாள்.’ சுருக்கொப்பம் இட்டாள். அன்றைக்கு அவள் முழு மனதோடு இட்ட சுருக்கொப்பம் அது ஒன்றுதான்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் துணைச் செயலர் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் நீட்டிப் பேசமாட்டார்.

“மத்த ரெண்டு பேரும் போகட்டும். பார்வையிடல் மட்டும். ரகசியச் சோதனை ரத்து. உங்க சாருடைய டிக்கெட்டை கேன்சல் பண்ணிடுங்க.”

“சரி சார்.”

“உங்க விஷயம் வேற. நாளைக்குப் பத்து மணிக்கு எழுத்துல விளக்கம் கொண்டாங்க.” அவர் கோப்பின் அட்டையை மூடினார். “ஒன்பதாவது பத்தியை நான் படிக்கலைன்னு வெச்சுக்கோங்க.”

ஏஜென்டிடம் அவளே பேசினாள். “ரெண்டு டிக்கெட் போடுங்க. முதல் பேரை எடுத்துடுங்க.”

“முதல் பேர்னா... தலைவர் மேடம் அவர்!”

“ஆமா. அவரைத்தான்.”

கிளம்பும்போது உலகப் படத்தின் முன் நின்றாள். பச்சை ஊசியின் பக்கத்தில் ஒரு சிவப்பு ஊசி குத்த வேண்டும். நாளைக்குக் குத்திக்கொள்ளலாம் என்று விளக்கை அணைத்தாள்.

*

அவளுக்கு முந்திய பஸ்ஸிலேயே அவர் வந்துவிட்டிருந்தார். மூன்றாம் படியில் டிபன் பாக்ஸ் இருந்தது. எடுத்தபோது கனத்தது. திறந்து பார்த்தாள். சாப்பிடவில்லை. அவளுடையதும் பைக்குள் அப்படியேதான் இருந்தது. இரண்டையும் சமையல் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, தாழ்ப்பாளைப் போட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

மேலே சக்கரங்கள் உருண்டன. ஸ்டூல் நகர்ந்தது. பரண் கதவு கிறீச்சிட்டது. பெட்டி மேலே ஏறியது. கதவு மூடியது.

அவ்வளவுதான். காலையில் இறங்கிய பெட்டி பொழுது சாயுமுன் ஏறிவிட்டது. அவளுக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. இந்த வீட்டில் மூன்று பேருக்கும் பொதுவாக அழ அவள் ஒருத்திதான் இருந்தாள்.

மாடிப்படியில் காலடி கேட்டது. ஒரு படி, இரண்டு படி. மூன்றாம் படியில் நிற்கும் என்று நினைத்தாள். நிற்கவில்லை. கதவு வரை வந்தது.

கதவை யாரோ விரலால் தட்டினார்கள். யாரோ என்ன யாரோ.

“நான்தான்.”

நான்கு வருடத்துக்குப் பிறகு கேட்ட குரல் சற்றுக் கரகரத்திருந்தது. அவள் கதவின் அருகே போய் நின்றாள்.

“திறக்க வேண்டாம்,” என்றார் அவர். “ஒரு சந்தேகம். பிரிவுகிட்டதான் கேட்கணும்.”

“...கேளுங்க.”

“ஏழாவது கேள்வி ஆய்வுக்குப் போறவனுக்குத்தானே? லீவு போட்டுட்டு, சும்மா ஒரு பயணியா போறவனுக்கு அது கிடையாதே?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேள்வி விதியைப் பற்றியது. விதியைப் பற்றி என்றால் அவளுக்குக் குரல் தானாக வரும்.

“அதுக்கும் அனுமதி வாங்கணும். தனிப் படிவம்.”

“எத்தனை கேள்வி?”

“மூணு. எங்க போறீங்க, யாரைப் பார்க்க, என்ன கொண்டு போறீங்க.”

அந்தப் பக்கம் ஒரு தாள் மடங்கும் சத்தம். கதவில் வைத்து எழுதுகிறார்போல, பேனா மரத்தில் இடறி இடறி ஓடியது. பிறகு கதவின் அடியில் தாள் நுழைந்தது, அவள் கால் விரலைத் தொட்டு நின்றது.

குனிந்து எடுத்தாள்.

‘1. பிரிவுக்குத் தெரிந்த ஊர்.
2. மகளை.
3. ஒன்றும் இல்லை. பை இல்லாமல் போகிறேன்.’

அப்போது, சமையல் மேடையில் இரண்டு டிபன் பாக்ஸ்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்த போன் அதிர்ந்தது. தாளைக் கையில் வைத்துக்கொண்டே போய்ப் பார்த்தாள். பாப்பாவிடமிருந்து செய்தி.

‘அம்மா, லீவு கேட்டேன், கொடுத்துட்டாங்க. நாளையிலேர்ந்து ரெண்டு வாரம். காலையில சும்மா வீராப்பாப் பேசிட்டேன். அந்தப் பையை இன்னொரு தடவை பார்க்க என்னால முடியாதும்மா. நீ சொன்னதுதான் சரி. வேற ஊருக்குப் போறேன், எந்த ஊருன்னு உன்கிட்டயும் சொல்ல மாட்டேன். தெரிஞ்சா நீ எழுதிடுவே. அவர் வந்துட்டுப் போனப்புறம் நானே கூப்பிடறேன். அதுவரைக்கும் போனை அணைச்சு வெச்சிருப்பேன்.’

அவள் உடனே கூப்பிட்டாள். அணைத்தாகிவிட்டது. மறுபடி கூப்பிட்டாள்.

‘பை இல்லை’ என்று தட்டினாள். ‘பாப்பா, அவர்கிட்ட பை இல்லை.’ அனுப்பினாள். செய்தி போய்ச் சேராமல் ஒற்றைக் குறியோடு அப்படியே நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமினார்.

“என்ன, சத்தத்தையே காணோம்?” என்றார். நான்கு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் குரலில் ஒரு சிரிப்பின் சாயல் இருந்தது. “படிவத்துல கொக்கி எதுவும் இல்லையே?”